இரு நாடுகளின் ஓர்சி

1934 ஜூன் 10. ரோமில் உலகக் கோப்பை கால்பந்தின் இறுதி ஆட்டம். முசோலினி பார்த்துக் கொண்டிருக்க, இத்தாலி 0-1 எனப் பின்தங்கியிருந்தது. முடிய இன்னும் பத்து நிமிடங்களே இருந்தபோது ஒரு பந்து வளைந்து சென்று செக்கோஸ்லோவாகியாவின் வலைக்குள் விழுந்தது. அதை அடித்த ரைமுந்தோ ஓர்சி, ஆர்ஜென்டீனாவில் 1901-இல் பிறந்தவர். கூடுதல் நேரத்தில் இன்னொரு கோல், கோப்பை இத்தாலிக்கு.

இன்டிபென்டியன்டே கழகத்தின் இடது விங்கரான ஓர்சி, 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் ஆர்ஜென்டீனாவுக்காக வெள்ளி வென்றவர். ஃபியட் முதலாளிகளான அக்னெல்லி குடும்பத்தின் யுவென்டஸ் கழகம் அவரை விலைபேசி அழைத்துக்கொண்டது. ஏறத்தாழ ஓராண்டு களமிறங்க முடியாமல் காத்திருந்தார். பின்னர் 1931 முதல் அக்கழகம் தொடர்ந்து வென்ற ஐந்து லீக் பட்டங்களிலும் அவருக்குப் பங்குண்டு. இத்தாலிக்காக 35 ஆட்டங்கள், 13 கோல்கள்.

அந்நியரைச் சேர்ப்பதா என்ற முணுமுணுப்புக்குப் பயிற்சியாளர் போஸ்ஸோ ஒரு விடை வைத்திருந்தார்: இத்தாலியரின் வழித்தோன்றல்கள் இந்நாட்டுக்காகப் போரில் சாகலாம் என்றால், கால்பந்தும் ஆடலாம். கேட்பதற்கு நியாயமான வாதம்தான். ஆனால், ஓராண்டுக்குள் அபிசீனியப் போர் நெருங்கியபோது அதன் முதற்பாதி உண்மையாகிவிடும் போலிருந்தது. இறுதி ஆட்டத்தில் உடன் ஆடிய குவாய்தா, ராணுவ அழைப்புக்கு அஞ்சி இத்தாலியைவிட்டு வெளியேறினார். அவரும் ஆர்ஜென்டீனக்காரரே. ஓர்சியும் அதே 1935-இல் தாயகம் திரும்பினார். மறுஆண்டு ஆர்ஜென்டீனச் சீருடையை மீண்டும் அணிந்தார். 1986-இல் சிலியில் மறைந்தார்.