தேவதாசி ஒழிப்புச் சட்டத்துக்கு 17 ஆண்டுகள்: முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, சித்தூர் எல்லையில் முடியாதது

சென்னையிலிருந்து திருப்பதிக்கு எத்தனை முறை போயிருப்பீங்க? திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடையில் வெதுருகுப்பம்னு ஒரு மண்டலம் இருக்கு. இன்று அது ஆந்திரா. ஆனால் 1953 அக்டோபர் 1-ல் ஆந்திர மாநிலம் உருவாகும்வரை அந்தப் பகுதிக்கும் சட்டம் எழுதியது சென்னைதான். அங்கே பிறக்கும் பெண் குழந்தையைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடக் கூடாது என்ற சட்டமும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. அதற்கான மசோதாவை முதலில் கொண்டுவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

'முதல் பெண்' என்ற பட்டியலில் அவர் பெயரைப் படிச்சிருப்பீங்க. அந்தப் பட்டியலுக்குப் பின்னால் இருக்கும் கதை இது.

யார் இந்த முத்துலட்சுமி?

1886 ஜூலை 30, புதுக்கோட்டையில் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள், தேவதாசி மரபில் வந்தவர். அந்த மரபில் பிறந்த பெண்ணுக்கு என்ன வாழ்க்கை காத்திருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. வீட்டிலேயே பார்த்தார்.

பையன்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண்ணைச் சேர்ப்பதற்கு எதிர்ப்பு கிளம்பியது. புதுக்கோட்டை மன்னரின் அனுமதியோடுதான் உள்ளே போனார். 1907-ல் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி, 1912-ல் டாக்டர் பட்டம். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியைத் திருமணம் செய்துகொண்டபோது, தன்னைச் சமமாக நடத்த வேண்டும், தன் வேலையில் குறுக்கிடக் கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை போட்டார். இன்னிக்கும் பல வீடுகளில் பேசத் தயங்கும் விஷயம் இது.

சட்டசபையில் என்ன செய்தார்?

1926-ல் மெட்ராஸ் சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டார். சபையில் இருந்த ஒரே பெண் அவர்தான். அடுத்த ஆண்டே அதன் துணைத் தலைவர் ஆனார்.

அவர் கைவைத்த முதல் இடத்தைக் கவனிங்க. 'இந்தப் பழக்கம் தப்பு' என்று பேசிவிட்டு அவர் உட்காரவில்லை, அதன் பொருளாதாரத்தைத் தொட்டார். கோயில் பணி செய்யும் தேவதாசிக் குடும்பங்களுக்கு இனாம் நிலம் இருந்தது. நிலம் கையில் இருக்க வேண்டுமென்றால் பணி தொடர வேண்டும். பணி தொடர வேண்டுமென்றால் அடுத்த தலைமுறையில் ஒரு பெண்ணைப் பொட்டுக்கட்ட வேண்டும். இந்தச் சங்கிலியை 1929-ல் வந்த இந்து அறநிலையச் சட்டத் திருத்தம் அறுத்தது. கோயில் பணியிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டு, அந்தப் பெண்களுக்கே சொந்தமானது.

அடுத்து, பொட்டுக்கட்டுவதையே தடை செய்யும் மசோதாவை 1930-ல் கொண்டுவந்தார். அதே ஆண்டு காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துப் பதவியை ராஜினாமா செய்தார். மசோதா கிடப்பில் போனது. சட்டமானது 1947-ல். நடுவில் 17 ஆண்டுகள்.

எதிர்த்தவர்கள் யார்?

சபையில் சத்தியமூர்த்தி போன்ற காங்கிரஸ் தலைவர்கள் எதிர்த்தார்கள். தேவதாசிப் பெண்களிடமிருந்தும் எதிர்ப்பு வந்தது. பெங்களூரு நாகரத்தினம்மாள் போன்ற கலைஞர்கள், தங்கள் கலையையும் பிழைப்பையும் குற்றமாகப் பார்க்காதீர்கள் என்று வாதாடினார்கள். சொத்துரிமையும் படிப்பும் இருந்த பெண்கள் அவர்கள். இன்னொரு பக்கம், அதே மரபிலிருந்து வந்த மூவலூர் ராமாமிர்தம் ஒழிப்புக்காக ஊர் ஊராகப் போய்ப் பேசினார். பெண்களுக்கான சட்டம் என்றாலும் எல்லாப் பெண்களும் ஒரே குரலில் பேசவில்லை. இந்த வாதம் இன்னும் முடியவில்லை.

சட்டம் வரும்வரை?

முத்துலட்சுமி காத்திருக்கவில்லை. அடைக்கலம் தேடி வந்த பெண்களைத் தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அது அவ்வை இல்லமாக வளர்ந்து இன்றும் சென்னையில் இயங்குகிறது. பழக்கத்தை விட்டு வெளியே வரும் பெண் அன்று இரவு எங்கே தூங்குவாள், நாளை என்ன படிப்பாள்? சட்டம் பதில் சொல்லாத இந்தக் கேள்விக்கு அந்த இல்லம் பதில் சொன்னது. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையையும் தொடங்கினார். 1956-ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22-ல் மறைந்தார்.

இன்று என்ன நிலைமை?

ஆந்திரா 1988-ல் தனியாக ஒரு தேவதாசி தடைச் சட்டம் போட்டது. ஆனாலும் 2017-ல், சித்தூரிலும் எல்லைக்கு இந்தப் பக்கம் திருவள்ளூரிலும் சிறுமிகள் 'மாத்தம்மா' தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்படுவதாக வந்த புகாரில், இரு மாநில அரசுகளுக்கும் தேசிய மனித உரிமைகள் ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. இதில் பாதிக்கப்படுவது பெரும்பாலும் ஏழைப் பட்டியல் சாதிக் குடும்பங்கள். குழந்தைக்கு உடம்பு சரியில்லாதபோது வேண்டிக்கொள்வதில் தொடங்கும் பழக்கம் இது. மருத்துவமனை தூரமாக இருக்கும் இடத்தில் நேர்த்திக்கடன் பக்கத்தில் இருக்கிறது.

இன்னும் இரண்டு எண்களைப் பாருங்க.

குழந்தைத் திருமணம்: முத்துலட்சுமி ஆதரித்த 1929-ம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதை 14 ஆக்கியது. இப்போது 18. ஆனால் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 20-24 வயதுப் பெண்களில் 18-க்கு முன்பே திருமணமானவர்கள் தமிழ்நாட்டில் 12.8%, ஆந்திராவில் 29.3%. இந்தியச் சராசரி 23.3%.

பிரதிநிதித்துவம்: 2024-ல் மக்களவைக்குத் தேர்வான 543 பேரில் பெண்கள் 74. மூன்றில் ஒரு பங்கு இடஒதுக்கீடு 2023-ல் சட்டமானது. ஆனால் அதன் அமலாக்கத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்போடும் தொகுதி மறுவரையறையோடும் கட்டிப்போட்டார்கள்.

சட்டம் எழுதுவது ஒரு வேலை, அது ஒரு சிறுமியின் வாசல்வரை போய்ச் சேர்வது இன்னொரு வேலை. முத்துலட்சுமி இரண்டையும் செய்தார். நாம் முதல் வேலையோடு நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த முறை திருப்பதி போகும்போதோ, உங்க சொந்த ஊரிலோ, ஒரு சிறுமியை நேர்ந்துவிடுவதாகவோ அவசரமாகக் கல்யாணம் செய்வதாகவோ கேள்விப்பட்டால் 1098-க்கு ஒரு போன் போடுங்க. அதுவும் அந்த இரண்டாவது வேலைதான்.