எல்லாப்பிரகட சுப்பாராவ்: இரு மாத்திரைகளின் மூலவர்

டொரன்டோவின் வடகிழக்கு விளிம்பில், சீனர்களும் தமிழர்களும் அருகருகே வாழும் மில்லிக்கன் பகுதியில், தோலும் இணைப்புத் திசுவும் இறுகித் தடிக்கும் ஸ்க்லெரோடெர்மா என்ற அரிய நோய்க்கு மெத்தோட்ரெக்சேட் பரிந்துரைக்கப்படும் ஒருவருக்கு, ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்த்துத் தரப்படுவது வழக்கம். முதல் மருந்து உடலில் ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுக்கிறது. இரண்டாவது, அத்தடையால் வரும் பக்கவிளைவுகளைத் தணிக்கிறது. ஒன்றையொன்று எதிர்க்கும் இவ்விரண்டுக்கும் மூலமாக அமைந்தது சென்னையில் மருத்துவம் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவின் ஆய்வுக்கூடமே.

1895-ல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் தெலுங்குக் குடும்பமொன்றில் பிறந்த அவர், சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் படித்து மூன்றாவது முயற்சியில்தான் மெட்ரிகுலேஷன் தேறினார். சென்னை மருத்துவக் கல்லூரியில் கதர் அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியர் ஒருவரின் அதிருப்திக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில், அதனினும் தாழ்ந்ததாகக் கருதப்பட்ட எல்.எம்.எஸ். மட்டுமே அவருக்குக் கிடைத்தது.

சகோதரர்களை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்திருந்த அவர், 1923-ல் மனைவியை ஊரில் விட்டுவிட்டு பாஸ்டன் சென்றார். திரும்பி வரவேயில்லை. ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க்குடன் இணைந்து, உடலின் ஆற்றல் நாணயமான ஏடிபி மூலக்கூறு குறித்த முன்னோடி ஆய்வை 1929-ல் வெளியிட்டார். ஆயினும் அங்கு நிரந்தரப் பதவி தரப்படவில்லை.

1940-ல் நியூயார்க் மாநிலத்தின் பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லி நிறுவனத்துக்கு மாறினார். அவரது தலைமையில் ஃபோலிக் அமிலம் செயற்கையாகத் தயாரிக்கப்பட்டது. ஸ்ப்ரூ நோயாளிகளின் ரத்தசோகைக்கு அது பயன்பட்டது. தம்மைத் துரத்திய நோய்க்கு அவர் அளித்த பதில் என இதனைக் கொள்ளலாம். அதே குழு அதன் எதிர்ப்பொருளான அமினாப்டெரினையும், பின்னர் மெத்தோட்ரெக்சேட்டையும் உருவாக்கியது. பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர், அமினாப்டெரினால் ரத்தப் புற்றுநோய்ச் சிறார்களுக்குத் தற்காலிக நிவாரணம் கிடைத்ததை 1948 ஜூனில் வெளியிட்டார். இரண்டு மாதங்களில், 53 வயதில் சுப்பாராவ் காலமானார். கால் நூற்றாண்டு வாழ்ந்த நாட்டின் குடியுரிமையை அவர் கடைசிவரை பெறவில்லை.

தோல் நோய்க்கு இம்மருந்து வந்தது ஏறக்குறைய தற்செயலாகத்தான். 1951-ல் ரிச்சர்ட் குப்னரும் சகாக்களும், அமினாப்டெரின் பெற்ற மூட்டுவாத நோயாளிகளிடம் மூட்டு வீக்கத்தோடு சொரியாசிஸும் தணிவதைப் பதிவு செய்தனர். பின்னாளில் மெத்தோட்ரெக்சேட் அதன் இடத்தைப் பிடித்தது.

அரிய நோய்களில் சோதனை நடத்துவது கடினம். நோயாளிகளே போதிய எண்ணிக்கையில் கிடைப்பதில்லை. உடலில் பரவலாகத் தோன்றும் ஸ்க்லெரோடெர்மாவின் ஆரம்ப நிலைக்கென, ஒன்டாரியோ ஆய்வாளர்கள் முன்னின்று நடத்திய சோதனை 2001-ல் வெளியானது. அதில் பங்கேற்றவர்கள் 71 பேர். மெத்தோட்ரெக்சேட் பெற்றவர்களின் தோல் ஓரளவு இளகியது என்றாலும், அந்த வேறுபாடு உறுதியான நிரூபணமாகவில்லை. ஆனால் தோலின் சில பகுதிகளை மட்டும் பாதிக்கும் வகையினால் அவதியுற்ற 70 சிறாரிடையே நடந்து 2011-ல் வெளியான இத்தாலியச் சோதனையில், ஸ்டீராய்டுடன் மெத்தோட்ரெக்சேட்டும் பெற்றவர்களுக்குத் தெளிவான பலன் கிடைத்தது.