பொறியியல் வல்லார் லலிதா அம்மையார்

தோற்றுவாய்

திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குச் செல்லும் பெருவழியின் அருகே, சிறுமலைச் சாரலை நோக்கி அமைந்தது எமது ஊராகிய சின்னாளப்பட்டி. நெசவே இவ்வூரின் உயிர்நிலை. இவ்வூர்ச் சுங்குடிச் சேலையின் பெயரைக் கேளாத மகளிர் தமிழ்நாட்டில் மிகச் சிலரே. நூல் சுற்றுதல், தார் சுற்றுதல் முதலிய வேலைகளில் பெண்டிர் கை படாத தறிவீடு ஈண்டு அரிது. தறிவீட்டில் மட்டுமன்று, புதிதாக மாடிவீடு எழும்பும் இடத்திலும் பெண்டிரைக் காணலாம். தலையிற் சும்மாடு வைத்துச் செங்கல்லும் சாந்துச் சட்டியும் சுமந்து சாரத்தின்மேல் ஏறுவோர் பெரும்பாலும் அவர்களே. எனினும் கரணையும் தூக்குக்குண்டும் ரசமட்டமும் ஆடவர் கையிலேயே இருக்கின்றன. சுமை தூக்க வந்த இளைஞன் சில ஆண்டுகளிற் கரணை பிடிக்கக் கற்றுக் கொத்தனார் ஆகின்றான். சித்தாளாய் வந்த பெண்ணோ தலை நரைக்குமளவும் சித்தாளாகவே நின்று விடுகின்றாள். கூலியும் அதற்கேற்பக் குறைகின்றது.

பெண்ணுக்கு உடல்வலி போதாது என்பதே இதற்குச் சொல்லப்படும் காரணம். உடல்வலி மிகுதியும் வேண்டும் வேலையை அவள் தலையில் ஏற்றிவிட்டு, கைத்திறன் வேண்டும் வேலைக்கு அவள் வலியற்றவள் என்று கூறுதல் எத்துணைப் பொருத்தமுடையது என்பதை அறிவுடையோர் ஓர்ந்து காண்க. அவளிடம் இல்லாதது வலியன்று. கற்பிப்பார் இல்லாமையே குறை. இவ்வுண்மையை ஒருவர் வாழ்க்கை வாயிலாக விளக்கக் கருதி, இந்தியப் பெண்களுள் முதன்முதற் பொறியியற் பட்டம் பெற்றோருள் ஒருவராகிய லலிதா அம்மையாரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க எழுதப் புகுகின்றோம்.

பிறப்பும் இளமையும்

அய்யலசோமயாஜுல லலிதா என்பது அம்மையாரின் முழுப்பெயர். இவர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27-ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்திற் பிறந்தார். உடன்பிறந்தார் எழுவருள் இவர் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பாராவ் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் மின்பொறியியற் பேராசிரியராக விளங்கியவர். 1794-ஆம் ஆண்டில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி வளர்ந்த அக்கல்லூரியின் வகுப்புக்களில் அந்நாளில் ஆடவரன்றிப் பிறர் அமர்ந்ததில்லை. அம்மையாரின் தமையன்மாரும் பொறியியல் கற்றனர். பெண்மக்களுக்கோ, அக்கால வழக்கப்படி, அடிப்படைக் கல்வியே போதுமெனக் கருதப்பட்டது.

1934-ஆம் ஆண்டில், பதினைந்தாவது வயதில், லலிதாவுக்குத் திருமணம் நிகழ்ந்தது. பெண்ணின் மணவயதைப் பதினான்காக வரையறுத்த சாரதா சட்டம் நடைமுறைக்கு வந்து நான்காண்டுகளே ஆகியிருந்தன. மணமான பின்னும் மகள் பள்ளியிறுதி வகுப்புவரை கற்றல் வேண்டுமென்பது தந்தையாரின் உறுதி, அவ்வாறே கற்பித்தார். 1937-ஆம் ஆண்டில் ஒரு பெண்மகவு பிறந்தது. அம்மகவுக்கு நான்கு திங்கள் நிரம்பிய பொழுதில் கணவர் காலமானார். அப்பொழுது அம்மையாருக்கு வயது பதினெட்டு.

அந்நாளில் இவர் பிறந்த வகுப்பிற் கணவனை இழந்த பெண்டிர் எய்திய துயரம் யாவரும் அறிந்ததே. தலைமயிர் களைந்து, நற்காரியங்களில் முன்னில்லாது, அடுக்களையின் ஒரு மூலையில் வாழ்நாளைக் கழித்தல் அவர்தம் விதியென எண்ணப்பட்டது. கைக்குழந்தையோடு பிறந்தகம் திரும்பிய லலிதா அவ்விதிக்கு உடன்பட்டாரல்லர். மீண்டும் மணம் புரிதலையும் அவர் விரும்பவில்லை. தன் காலில் தான் நின்று தன் மகவைத் தானே காத்தல் வேண்டும் என்பதே அவர் துணிபு. இராணி மேரிக் கல்லூரியிற் சேர்ந்து இடைநிலை வகுப்பில் முதல் வகுப்பிற் தேறினார்.

தொழிலைத் தேர்ந்த திறம்

இனி எத்துறையைக் கற்பது என்னும் வினா எழுந்தது. உயர்கல்வி நாடிய பெண்டிருக்கு அந்நாளில் மருத்துவமும் ஆசிரியத் தொழிலுமே ஏற்றவை என்று கருதப்பட்டன. மருத்துவம் கற்ற பெண்ணால் விளைந்த நன்மைக்கு எம் ஊரே சான்று. டாக்டர் தி. சு. சௌந்தரம் அம்மையாரும் இளமையிற் கணவனை இழந்தவர். பின்னர்த் தில்லியில் மருத்துவம் பயின்று, 1936-ஆம் ஆண்டிற் பட்டம் பெற்றார். அவரும் அவர் மறுமணம் புரிந்த கோ. இராமச்சந்திரனாரும் 1947-ஆம் ஆண்டிற் சின்னாளப்பட்டியை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவினர். இரண்டு படுக்கைகளோடு சின்னாளப்பட்டியில் தோன்றிய சிறு மருத்துவச்சாலையே கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது.

லலிதாவுக்கும் மருத்துவம் கற்கும் எண்ணம் முதலிற் தோன்றியது. ஆயினும், நள்ளிரவிலும் நோயாளி அழைத்தால் எழுந்து செல்லுதல் மருத்துவர் கடன். அவ்வாறு சென்றால் குழந்தையை யார் காப்பது? காலையிற் சென்று மாலையில் வீடு திரும்பும் தொழிலே தாய்மைக்கு இயைந்தது என்று அவர் கண்டார். வீட்டில் தந்தையும் தமையன்மாரும் பேசக் கேட்டு வளர்ந்த பொறியியலின்மேல் அவர் உள்ளம் சென்றது. ஈண்டு நாம் கருதத்தக்கது ஒன்றுண்டு. புகழ் வேட்டலோ, ஆடவரோடு போட்டியிடும் ஆவலோ அவரை அத்துறைக்குச் செலுத்தவில்லை. உலகம் பெண்ணுக்கு ஆகாதென்று விலக்கிய தொழிலையே, ஒரு தாய் தன் கடமைக்குப் பொருந்தியதென்று தேர்ந்தெடுத்தார்.

கிண்டியிற் கற்றது

தேர்ந்தால் மட்டும் போதுமா? கதவு திறத்தல் வேண்டும் அன்றோ? தந்தையார் கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோ அவர்களை அணுகினார். கல்வித்துறை இயக்குநர் ஆர். எம். ஸ்டாதம் அவர்களையும் வேண்டினார். பெண்ணைச் சேர்த்தல் கூடாதென்று விதி கூறவில்லை. சேர்த்த வழக்கமே இல்லை. அவ்விருவரும் இசைந்தனர். இரண்டாம் உலகப் போர் தொடங்கிய அக்காலத்தில், நான்காண்டு மின்பொறியியல் வகுப்பில் லலிதா இடம் பெற்றார்.

ஆடவர் பல நூற்றுவர் பயின்ற கல்லூரியில் இவர் ஒருவரே பெண். விடுதி வாழ்க்கையில் தனிமை அவரை வருத்தியது. குழந்தை உறவினர் இல்லத்தில் வளர்ந்தது. வார இறுதிதோறும் தாய் சென்று கண்டு வந்தார். மகளின் தனிமையை உணர்ந்த தந்தையார், பெண்களும் பொறியியல் கற்க வரலாம் என்று கல்லூரியின் பெயரால் விளம்பரம் செய்யும்படி தூண்டினார். அவ்விளம்பரத்தின் பயனாக அடுத்த ஆண்டில் இரு பெண்கள் கட்டடப் பொறியியற் பிரிவில் வந்து சேர்ந்தனர். ஒருவர் லீலாம்மா ஜார்ஜ்; மற்றவர் பி. கே. திரேசியா. அதற்கு முன்னர் அறிவுடைய பெண்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. வரலாம் என்று அவர்களை அழைத்த குரலே இல்லை. அழைத்த ஓராண்டில் இருவர் வந்தனர் என்பது சிந்திக்கற்பாலது.

போர்க்காலத் தேவையால் பல்கலைக்கழகம் படிப்புக் காலத்தைக் குறைத்தது. அதனால் ஓராண்டு பின்னர்ச் சேர்ந்த இருவரும் லலிதாவோடு ஒருங்கே கல்வியை முடித்தனர். பட்டச் சான்றிதழோ ஆடவருக்கென்றே அச்சிடப்பட்டது. ஆணைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை மையால் அடித்து, பெண்ணைக் குறிக்கும் சொல்லைக் கையால் எழுதி அதனை லலிதாவுக்கு வழங்கினர். மையாலான அவ்வொரு கோடு, நூற்றைம்பது ஆண்டு வழக்கத்தின்மேல் இட்ட கோடாகும்.

பணிகள்

பட்டம் பெற்றபின், பீகாரிலுள்ள ஜமால்பூர் இரயில்வே தொழிற்சாலையில் ஓராண்டு செய்முறைப் பயிற்சி பெற்றார். 1862-ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட அத்தொழிற்சாலை இரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பழம்பெரும் இடம். பின்னர்ச் சிம்லாவில் மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராக அமர்ந்தார். மகவோடு உடன்பிறந்தார் இல்லத்தில் வாழ்ந்து, 1946-ஆம் ஆண்டின் இறுதிவரை அப்பணியை ஆற்றினார். லண்டன் மின்பொறியியலாளர் கழகத்தின் தேர்வையும் அக்காலத்தே எழுதித் தேறினார்.

அதன்பின் சென்னைக்கு மீண்டு தந்தையாரின் ஆராய்ச்சிக்குத் துணைநின்றார். புகையில்லா அடுப்பு, மின்னாற்றலால் இசை எழுப்பும் கருவி முதலியன தந்தையார் முயன்ற பொருள்கள். ஆராய்ச்சி அறிவுக்கு விருந்தாயினும் குடும்பச் செலவுக்கு வழி செய்யவில்லை. ஆகவே 1948-ஆம் ஆண்டிற் கல்கத்தா சென்று அசோஸியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆங்கில நிறுவனத்தின் பொறியியற் பிரிவில் அமர்ந்தார். ஆங்கும் தமையனார் இல்லமே தாய்க்கும் மகளுக்கும் நிழல் தந்தது. மின்சாரத்தை நெடுந்தொலைவு கொண்டு செல்லும் கம்பித்தொடர்களை வரைதல், துணைமின் நிலையங்களின் அமைப்பை வகுத்தல் முதலியன அவர் ஆற்றிய பணிகள். சட்லெஜ் ஆற்றின் குறுக்கே எழுந்து, 1963-ஆம் ஆண்டில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்ட பக்ரா அணையின் மின்னாக்கிகள் பற்றிய பணியிலும் இவர் பங்கு கொண்டார். ஏறத்தாழ முப்பதாண்டுகள் அந்நிறுவனத்திலும் அதன் வழிவந்த நிறுவனத்திலும் உழைத்து 1977-ஆம் ஆண்டில் ஓய்வு பெற்றார்.

உலகோர் அளித்த சிறப்பு

லண்டன் மின்பொறியியலாளர் கழகம் 1953-ஆம் ஆண்டில் இவரை இணை உறுப்பினராகவும், 1966-ஆம் ஆண்டில் முழு உறுப்பினராகவும் ஏற்றது. 1964-ஆம் ஆண்டு ஜூன் திங்களில் நியூயார்க் நகரில் பெண் பொறியியலாளரும் அறிவியலாளரும் கூடிய முதல் உலக மாநாடு நிகழ்ந்தது. அதற்கு இந்தியாவிலிருந்து சென்றவர் லலிதா. அடுத்த ஆண்டில் லண்டன் பெண் பொறியியலாளர் சங்கத்தின் உறுப்பினரானார். முதல் உலகப் போரில் ஆடவர் களம் சென்றமையால் இங்கிலாந்துப் பெண்டிர் பட்டறைகளிற் புகுந்து பொறிகளை இயக்கினர். போர் முடிந்ததும் அவர்களை வீடு செல்லுமாறு பணித்தனர். கற்ற தொழிலைக் கைவிட மறுத்தோர்க்காக 1919-ஆம் ஆண்டில் தோன்றியது அச்சங்கம். அம்மையார் பிறந்த ஆண்டும் அதுவே.

1967-ஆம் ஆண்டிற் கேம்பிரிட்ஜில் நடைபெற்ற இரண்டாம் மாநாட்டிற்கு இந்தியப் பெண் பொறியியலாளர் செல்வதற்கு வேண்டிய முயற்சிகளை இவர் மேற்கொண்டார். முன்னர்த் தாம் ஒருவராய்ச் சென்ற அவைக்குப் பிறரையும் செலுத்தியதே அவர் பெருமை.

ஓய்வு பெற்ற இரண்டாண்டுகளில், 1979-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 12-ஆம் நாள், தம் அறுபதாவது வயதில் அம்மையார் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் தனித்து வளர்த்த மகள் கணிதம் கற்பிக்கும் ஆசிரியையாக உயர்ந்தார். உடன்பயின்ற திரேசியா அம்மையார் கொச்சியின் பொதுப்பணித் துறையில் அமர்ந்து படிப்படியாக உயர்ந்து, 1971-ஆம் ஆண்டிற் கேரளத்தின் தலைமைப் பொறியாளர் ஆனார். இந்திய மாநிலமொன்றின் அப்பதவியில் அமர்ந்த முதற் பெண் அவரே. சாலைகளும் பாலங்களும் கட்டும் பெரும்படைக்கு ஒரு பெண் தலைமை தாங்கினார். அவற்றுள் ஒன்றும் பெண் கட்டியது என்பதால் நெகிழ்ந்து வீழ்ந்ததில்லை.

முடிவுரை

இவ்வரலாற்றால் நாம் அறிவது யாது? லலிதா அம்மையார் பேரறிவினர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பேரறிவு ஒன்றே அவரை உயர்த்தியது என்று கூறி வியந்துவிட்டு நாம் வாளா இருத்தல் பிழையாகும். கேட்கத் துணிந்த தந்தை ஒருவர். வழக்கமில்லை என்று மறுக்காத முதல்வர் ஒருவர். செய்தித்தாளில் வெளிவந்த அழைப்பு ஒன்று. உடன்பயிலத் தோழியர் இருவர். குழந்தையைப் பேணிய சுற்றத்தார் சிலர்: இவையே அவர்க்கு ஏணியாயின. இவற்றுள் எதுவும் மனிதரால் செய்தற்கு அரியதன்று.

இன்று பொறியியற் கல்லூரிகளிற் பெண்கள் பெருந்தொகையினராகப் பயில்கின்றனர். வரைபடத்தைப் பெண் வரைவது இக்காலத்தில் வியப்பன்று. ஆனால் அவ்வரைபடத்தின்படி சுவர் எழுப்பும் இடத்தில், சாந்து சுமப்பவள் இன்னும் சாந்து சுமப்பவளாகவே இருக்கின்றாள். ஒரே தன்மைத்தாகிய வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஊதியம் வழங்க வேண்டுமென்று 1976-ஆம் ஆண்டிலேயே சட்டம் பிறந்தது. எனினும் வேலையையே இரண்டாகப் பகுத்து, குறைந்த கூலிக்குரியதைப் பெண்ணுக்கென்று ஒதுக்கிவிட்டால் அச்சட்டம் என் செய்யும்? கணவனை இழந்த சித்தாளுக்கும் மக்கள் உண்டு. அவளும் மாலையில் வீடு திரும்பி உலை வைத்தல் வேண்டும். ஆகவே கரணை பிடிக்கவும், மின்கம்பி இணைக்கவும், தச்சு வேலை செய்யவும், குழாய் பொருத்தவும் அவளுக்கு முறையாகக் கற்பித்தல் வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் பெண்களை அழைத்தல் வேண்டும். மேஸ்திரிமார் தம்மிடம் வரும் பெண்ணுக்கும் கையைப் பிடித்துச் சுவரின் நேர்மையைக் காட்டுதல் வேண்டும். பெற்றோர் அதனை இழிவென்று எண்ணாதிருத்தல் வேண்டும்.

எம் கல்லூரித் தோழர்களே, தோழியரே! நம்முள் நாளை சிலர் பொறியாளர் ஆவோம். சிலர் ஆசிரியர் ஆவோம். சிலர் சொந்தமாக வீடு கட்டுவோம். அப்பொழுது தொழில் கற்க விரும்பி ஒரு பெண் நம்முன் வந்து நிற்பாளாயின், வழக்கமில்லை என்று கூறி அவளைத் திருப்பிவிடாதிருப்போமாக. கிண்டியில் அன்று இருவர் இசைந்ததனால் ஒரு நாட்டின் பெண்டிர்க்கு வழி பிறந்தது. அத்தகைய இசைவு நம் வாயிலும் பிறப்பதாக!