வினவிக் கற்ற பேராசான்

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் 1855ஆம் ஆண்டு சூரியமூலையில் பிறந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்று, 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். அவ்வாண்டிலேயே சேலம் இராமசுவாமி முதலியார் அவரிடம், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டா என வினவினார். இல்லையென ஒப்பிய ஐயர், முதலியார் தந்த பிரதியை ஆவலுடன் பயிலத் தொடங்கினார்.

சைவ நூல்களில் தோய்ந்த அவருக்கு நம் சமயக் கருத்துகள் எளிதில் விளங்கவில்லை. ஆசிரியர் என்னும் பெருமை அவரைத் தடுக்கவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். அங்கே சிந்தாமணி பக்தியுடன் ஓதப்பெறுவதை அறிந்து வியந்தார். அவ்வில்லறத்தாரிடம் தம் ஐயங்களைக் கேட்டுத் தெளிந்தார். அவ்வுழைப்பின் பயனாக 1887இல் சிந்தாமணி அச்சேறியது. 1892இல் சிலப்பதிகாரமும், 1898இல் மணிமேகலையும் தொடர்ந்தன. 1942இல் திருக்கழுக்குன்றத்தில் அவர் மறைந்தார்.

அவர் வினவியபோது விடை கூறும் அளவிற்கு நம் முன்னோர் கற்றிருந்தனர். இன்று ஒருவர் நம் வாயிலில் நின்று வினவினால் விடை கூற நம் இல்லத்தில் எவர் உளர்? படப்பை, ஒரகடம் தொழிற்சாலைகளில் எந்திர நுணுக்கங்களை வினவித் தேரும் நம் இளையோர்க்கு, நம் நூல்கள்பாலும் அவ்வார்வம் எழுதல் வேண்டும். அவர்கள் கேட்கும்போது மறுமொழி கூறப் பெரியோராகிய நாம் முதலில் கற்போமாக.