பகா எண்ணின் அடையாளம் கண்ட இப்னுல் ஹைதம்

ஹிஜ்ரி 354-இல் (கி.பி. 965) இராக்கின் பஸ்ரா நகரில் பிறந்தவர் இப்னுல் ஹைதம். ஒளியைப் பற்றி அவர் இயற்றிய ‘கிதாபுல் மனாழிர்’ என்னும் நூலின் புகழைப் பலரும் அறிவர். எண்களைப் பற்றி அவர் கண்ட உண்மையை அறிந்தவர் சிலரே.

நைல் நதியின் நீரை முறைப்படுத்த இயலும் என்று அவர் கூறிய செய்தி, எகிப்தை ஆண்ட ஃபாத்திமி கலீஃபா அல் ஹாகிமின் செவிக்கு எட்டியது. கலீஃபாவே நகருக்கு வெளியே வந்து அவரை வரவேற்றதாக வரலாற்றாசிரியர் அல் கிஃப்தீ குறிக்கிறார். தொழிலாளருடன் தெற்கே பயணமான இப்னுல் ஹைதம், வழிநெடுகப் பண்டை எகிப்தியரின் கட்டடங்களைக் கண்டு வியந்தார். இத்துணைத் திறன் படைத்தோர், இயலுமாயின் இப்பணியைச் செய்யாது விட்டிருப்பரோ என்ற ஐயம் எழுந்தது. அஸ்வானுக்கு அருகே ஆற்றின் போக்கை நேரில் ஆராய்ந்ததும் ஐயம் தெளிந்தது. திரும்பி வந்து, தம்மால் இயலாது என்று ஒப்புக்கொண்டார். சினந்தால் உயிரைப் பறிக்கத் தயங்காத ஓர் ஆட்சியாளர் முன்னிலையில் அவ்வாறு சொல்வது எளிதன்று. கலீஃபா அளித்த பதவியை அச்சத்தால் ஏற்றவர், பின்னர்ப் பித்தர் போல் நடித்து வீட்டுக்குள் அடைபட்டுக் கிடந்தார். 1021-இல் அல் ஹாகிமின் காலம் முடிந்த பின்னரே வெளியே வந்தார்.

அதன்பின் அவர் குடியிருந்தது ஜாமிஉல் அஸ்ஹரின் வாயிலருகே. யூக்ளிட், தாலமி ஆகியோரின் நூல்களைக் கைப்படப் பிரதி எடுத்து, ஆண்டுக்கு 150 தீனார் பெற்று ஜீவனம் நடத்தினார். விலையில் பேரத்திற்கு இடமே இல்லையாம்!

கிப்லாவின் திசையைக் கணக்கிடும் முறையையும் எழுதிய அவர், ஒரு சிற்றேட்டில் எண் புதிர் ஒன்றை ஆராய்கிறார். 2, 3, 4, 5, 6 ஆகிய எதனால் வகுத்தாலும் 1 மீதி வர வேண்டும். 7-ஆல் வகுத்தால் மீதி கூடாது. அந்த எண் எது? 1 முதல் 6 வரை பெருக்கினால் 720. ஒன்று கூட்ட 721. அது ஏழின் 103 மடங்கு. 301 என்னும் சிறிய விடையும் உண்டு.

ஏழுக்கு மட்டும் உரியதன்று இம்முறை. பகா எண் ஒவ்வொன்றுக்கும் பொருந்தும் என்று அவர் கண்டார். 13-ஐ எடுத்துக்கொள்வோம். 1 முதல் 12 வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 47,90,01,601. இத்துணைப் பெரிய எண்ணும் 13-ஆல் மீதியின்றி வகுபடுகிறது, ஈவு 3,68,46,277. பள்ளிப் பிள்ளைகள் தாளில் வகுத்துப் பார்க்கலாம். பகு எண்ணாகிய 9-க்கோ இது பலிப்பதில்லை. 1 முதல் 8 வரை பெருக்கி ஒன்று கூட்ட 40,321. ஒன்பதால் வகுத்தால் 1 மிஞ்சுகிறது. ஆக, பகா எண்ணைப் பிரித்தறியும் அடையாளமே இது. எண் பெருகப் பெருகப் பெருக்கலும் மலைபோல் வளர்வதால், நடைமுறைச் சோதனைக்கு உதவாது என்பது உண்மை. அதனால் அதன் அழகு குன்றிவிடவில்லை.

1040-ஐ ஒட்டி அவர் கெய்ரோவில் மறைந்தார். 1770-இல் இங்கிலாந்தின் எட்வர்ட் வாரிங், தம் மாணவர் ஜான் வில்சன் கண்டதாக இதே விதியை வெளியிட்டார்; மறு ஆண்டில் லக்ராஞ்ச் அதற்கு நிரூபணம் தந்தார். பாடநூல்களில் அதன் பெயர் வில்சன் தேற்றம்.