சுவாமி விபுலாநந்தர்: பழக்கிய மனத்தின் பயன்

பிறவியில் வாய்த்த திறமையே ஒருவரைப் பெரியவராக்கும் என்று எண்ணி, தம்மால் ஆவது யாதுமில்லையென மனஞ் சோர்ந்திருப்போர் எம்மிடையே பலர். கூரிய அறிவு சிலர்க்குப் பிறப்பிலே அமையலாம். ஆயின் அதனை ஒருவழிப்படுத்திப் பயன்கொள்ளுதல் பழக்கத்தாலேயே கைகூடும். சுவாமி விபுலாநந்தரின் வாழ்வை இந்நோக்கோடு ஆராயுமிடத்து இவ்வுண்மை நன்கு விளங்கும்.

இன்று அம்பாறை மாவட்டத்தில் அடங்கிய காரைதீவிலே, 1892 ஆம் ஆண்டிலே, சாமித்தம்பியார்க்கும் கண்ணம்மையார்க்கும் மகனாகச் சுவாமிகள் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனம். கல்முனையில் ஆங்கிலக் கல்வியைத் தொடங்கி, மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் தொடர்ந்து, 1908 இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையிற் சித்தியெய்தினார். அப்போது அவருக்கு வயது 16. உத்தியோகம் ஒன்றைத் தேடி அமர்ந்துவிட அந்நாளில் அப்படிப்பே போதும். பலர் அவ்விடத்திலே புத்தகத்தை மூடிவிடுவர். மயில்வாகனனார் மூடவில்லை.

அவர் ஆசிரியரானார்; ஆயினும் மாணவராயிருத்தலை விட்டாரல்லர். 1911 இல் கொழும்புக்குச் சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்னர் அரசினர் தொழில்நுட்பக் கல்லூரியிற் சேர்ந்து 1916 இல் விஞ்ஞானத்தில் டிப்ளோமாப் பெற்றார். அதே ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார். இலங்கையிலிருந்து அப்பரீட்சையில் முதன்முதலாகத் தேறியவர் அவரே. 1920 இல் இலண்டன் பல்கலைக்கழகத்துப் பி.எஸ்ஸி. பட்டமும் அவரை வந்தடைந்தது. இவையெல்லாம் பகலிலே தொழிலும் ஓய்வு நேரத்திலே படிப்புமாகத் தேடிக்கொண்ட செல்வம் என்பதை எம் இளைஞர் கருதுவாராக.

விஞ்ஞானமா தமிழா, இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று பிள்ளைகளை வற்புறுத்தும் பெற்றோர் இன்றும் உளர். சுவாமிகளின் மனமோ இரண்டையும் ஒருங்கே தாங்கப் பழகியது. அதன் பயன் பிற்காலத்திலே வெளிப்பட்டது. 1936 இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கும் தகுதி அவருக்கு வாய்த்தமைக்கு இவ்விரு கல்வியுமே காரணம்.

மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவி 1920 இல் அவரைத் தேடி வந்தது. இனி வாழ்வில் வேண்டுவது என்ன என்று உலகம் கேட்கும். அவரோ 1922 இல் அப்பதவியைத் துறந்து, சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924 இல் சுவாமி சிவாநந்தரிடம் துறவு பெற்று விபுலாநந்தரானார். துறந்தது பதவியையேயன்றி உழைப்பையன்று. ஈழத்துக்கு மீண்டு, இராமகிருஷ்ண சங்கத்துப் பாடசாலைகளை வளர்த்தார். கல்லடி உப்போடையிலே 1929 இல் சிவாநந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். தாம் கற்றதைப் பிறர் பிள்ளைகளுக்கு ஆக்கியபோதுதான் அவர் கல்வி நிறைவெய்தியது என்பது எம் துணிபு.

1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தார். ஆயினும் அவர் மனப்பயிற்சியின் சிகரம் யாழ்நூலே. பண்டைத் தமிழரின் யாழ் வழக்கொழிந்து போயிற்று. எஞ்சியவை நூல்களிற் காணும் குறிப்புக்களே. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை அடிப்படையாகக் கொண்டு, நரம்புகளின் இயல்பையும் சுரங்களின் அளவையும் கணித முறையால் ஆராய்ந்து, மறைந்த அவ்விசைக் கருவியின் வடிவை அவர் மீட்டெடுத்தார். தமிழ் மட்டும் கற்றவர்க்கோ, கணிதம் மட்டும் கற்றவர்க்கோ இஃது எய்தற்கரியது. இளமையிலே தேடிய ஒவ்வொரு கல்வியும் ஈண்டு வந்து பொருந்திற்று.

இவ்வாராய்ச்சி ஏறத்தாழ 14 ஆண்டுகள் நீடித்தது. இடையிலே பல பணிகள் அழைத்தன. பிற்பகுதியிலே உடல்நலமும் குன்றியது. எனினும் எடுத்த பொருளை மனம் கைவிடவில்லை. 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலிலே, கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் யாழ்நூல் அரங்கேறியது. ஆறு வாரங்கள் கழிந்து, யூலை 19 ஆந் திகதி சுவாமிகள் இறைவனடி சேர்ந்தார். அவரது சமாதி சிவாநந்த வித்தியாலய வளவிலே உள்ளது.

நாம் எல்லோரும் விபுலாநந்தர் ஆகிவிடுதல் இயலாது. அவ்வாறு ஆக வேண்டுவதும் இல்லை. அவரவர்க்கு இயன்ற எல்லை ஒன்றுண்டு. அவ்வெல்லை எங்கே உள்ளதென்பதை முயன்று பார்த்தவரே அறிவர். ஒரு பரீட்சை முடிந்தவுடன் படிப்பை நிறுத்தாமை, ஒரு கல்விக்காக மற்றொன்றை இகழாமை, எடுத்த பொருளைப் பல்லாண்டு பற்றி நிற்றல், பெற்றதைப் பிறர்க்கு ஈதல் ஆகிய நான்கும் எவரும் பழகத்தக்கவை. நாள்தோறும் ஒரு நாழிகையேனும் இவற்றுக்கென ஒதுக்கி, எம் மன்றத்து இளைஞர் இன்றே தொடங்குவாராக. மூத்தோர் அவர்க்கு உறுதுணையாக நிற்பாராக.