ஸர் ஹ்யூ கேர்ன்ஸும் தலைக்கவசமும்

சைக்கிளில் செல்வோர் தலைக்கவசம் தரிக்க வேண்டுமா, தரித்தால் உண்மையில் நன்மையுண்டா என்ற விவாதம் எழும்போதெல்லாம் இரு கட்சியாரும் உரத்த குரலிலேயே பேசுகின்றனர். ஒரு கட்சியார் அஃது உயிர் காக்கும் சாதனம் என்கின்றனர். மற்றவர் அது வீண் சுமையென்றும், தனி மனிதனுடைய தலை விஷயத்தில் ஸர்க்கார் தலையிடுவது அநியாயமென்றும் சாதிக்கின்றனர். இவ்விவாதத்தை வாய்ப்பேச்சினின்றும் மீட்டு, இறந்தோர் எத்தனை பேர், பிழைத்தோர் எத்தனை பேர் என்னும் கணக்கின் முன் கொண்டுவந்து நிறுத்தியவர்களில் தலையாயவர் ஸர் ஹ்யூ கேர்ன்ஸ் என்ற ரண சிகிச்சை நிபுணர். வைத்திய உலகில் பிரசித்தி பெற்ற அவருடைய பெயர், அவரது உழைப்பால் உயிர் பிழைத்துத் தெருவில் நடமாடும் ஜனங்களில் பலருக்குத் தெரியாது. ஆதலின் அவருடைய சரித்திரத்தை நேயர்களுக்குச் சிறிது விரித்துரைக்க விரும்புகிறோம்.

கேர்ன்ஸ் 1896-ஆம் வருஷம் ஜூன் மாதம் 26-ந் தேதி தெற்கு ஆஸ்திரேலியாவில் போர்ட் பிரி என்னும் துறைமுகப் பட்டினத்தில் பிறந்தார். தகப்பனார் ஸ்காட்லாந்திலிருந்து குடியேறி மரவேலை செய்து ஜீவனம் நடத்தியவர். ரிவர்ட்டன் என்ற சிற்றூரிலும் பின்னர் அடிலெய்டு நகரிலும் படித்து, அந்நகரத்துச் சர்வகலாசாலையில் கேர்ன்ஸ் வைத்தியம் பயின்றுகொண்டிருந்தபோது முதல் மகாயுத்தம் மூண்டது. 1915-இல் படிப்பை இடையில் நிறுத்திவிட்டுச் சாதாரணச் சிப்பாயாக வைத்தியப் படையில் சேர்ந்து, லெம்னாஸ் தீவிலிருந்த ராணுவ ஆஸ்பத்திரியில் ஊழியம் புரிந்தார். நோய்வாய்ப்பட்டுத் தாய்நாடு திரும்பி, 1917-இல் பட்டம் பெற்று, மறுபடியும் யுத்த ஸேவைக்குச் சென்றார்.

யுத்தம் முடிந்ததும் ரோட்ஸ் உபகாரச் சம்பளம் பெற்று ஆக்ஸ்போர்டு பேலியல் கல்லூரியில் சேர்ந்தார். ஸெஸில் ரோட்ஸ் தென்னாப்பிரிக்காவில் அத்தனம் சேர்த்த வழியை நாம் மறக்கவில்லை. கறைபடிந்த பணமும் சில வேளைகளில் நல்ல கைகளில் போய்ச் சேர்கிறது என்று மட்டும் குறித்துவிட்டு மேலே செல்கிறோம். 1920-இல் கேம்பிரிட்ஜுக்கு எதிரான படகுப் போட்டியில் ஆக்ஸ்போர்டு கோஷ்டியில் துடுப்பு வலித்தார். அவ்வருஷம் வெற்றி கேம்பிரிட்ஜுக்குப் போயிற்று. மறு வருஷம் தம் கல்லூரித் தலைவரின் மகளை மணந்தார்.

பிறகு லண்டன் ஆஸ்பத்திரியில் பணியேற்று, 1926-இல் அமெரிக்காவிலுள்ள பாஸ்டன் நகருக்குச் சென்று ஹார்வி குஷிங் என்ற மகாநிபுணரிடம் ஒரு வருஷம் சிட்சை பெற்றார். மூளையில் கத்தி வைப்பது எமனுக்கு ஓலை எழுதுவதற்கு ஒப்பாக எண்ணப்பட்ட காலம் அது. அவ்வச்சத்தைப் போக்கியவர்களில் முதல்வர் குஷிங். அவரிடம் மாணவர்கள் கற்றது கைத்திறன் மட்டுமன்று. ஒவ்வொரு நோயாளியின் விவரத்தையும் விடாமல் எழுதிவைப்பதும், சிகிச்சை பலித்ததா இல்லையா என்று பின்தொடர்ந்து பார்ப்பதும் அவர்கள் பெற்ற பயிற்சியில் அடங்கும். கேர்ன்ஸ் பிற்காலத்தில் சாதித்ததற்கெல்லாம் இந்த எழுதிவைக்கும் வழக்கமே அஸ்திவாரம் என்பது நமது துணிபு.

1935-ஆம் வருஷம் மே மாதம் 13-ந் தேதி, இங்கிலாந்தில் டார்செட் ஜில்லாவில் ஒரு விபத்து நேர்ந்தது. விமானப் படையிலிருந்து அப்போதுதான் விலகியிருந்த டி. இ. லாரன்ஸ், ஒரு தந்தி கொடுத்துவிட்டுத் தமது மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். ஏற்ற இறக்கமான சாலையில் எதிர்பாராமல் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் செல்வதைக் கண்டு, அவர்கள்மீது மோதாதிருக்க வண்டியை ஒதுக்கினார். கைப்பிடிக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டு வீழ்ந்தார். தலையில் கவசம் இல்லை. மண்டை உடைந்தது.

இந்த லாரன்ஸைப்பற்றி நம் நாட்டாருக்கு அதிகம் சொல்ல வேண்டுவதில்லை. அரபு மக்களைச் சுதந்திர ஆசை காட்டித் துருக்கிக்கு எதிராகக் கிளப்பியவர் இவர். அதே சமயத்தில், 1916-இல், பிரிட்டனும் பிரான்ஸும் அம்மக்களின் நாடுகளை ரகசியமாகப் பங்கிட்டுக்கொண்டன. ஷா என்ற மாற்றுப் பெயருடன் கராச்சியிலும் மீரான்ஷாவிலும் விமானப்படைச் சிப்பந்தியாக இருந்து, ஆப்கானிஸ்தான் கலகத்தில் இவருக்குப் பங்குண்டு என்ற வதந்தி பத்திரிகைகளில் கிளம்பவே, 1929 ஜனவரியில் அவசரமாகத் திருப்பி அழைக்கப்பட்டவரும் இவரே. அவருடைய ராஜதந்திரத்தில் நமக்குச் சிறிதும் பிரியமில்லை. ஆனால் அச்சாலையில் இரண்டு குழந்தைகளைக் காக்கத் தம்மைப் பணயம் வைத்தவரும் அவரே என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

லண்டனிலிருந்து தருவிக்கப்பட்ட வைத்தியர்களுள் கேர்ன்ஸும் ஒருவர். ஆறு நாள் பிரக்ஞையின்றிக் கிடந்து, மே 19-ந் தேதி, 46-ஆவது வயதில் லாரன்ஸ் மாண்டார். கத்தியைக் கையிலெடுப்பதற்கே அங்கு இடமிருக்கவில்லை. ஒரு நிபுணர் தம் வித்தையனைத்தும் பயனற்றுப்போக நிற்கும் தருணம் எப்படிப்பட்டதென்று நேயர்கள் ஊகிக்கலாம். எனினும், இம்மரணத்தை வைத்துக் கேர்ன்ஸ் உடனே ஒரு பிரசாரம் தொடங்கினாரில்லை. பிரபல மனிதர் ஒருவரின் சாவைக் காட்டி ஜனங்களை அழவைப்பது எளிது. அவர் பெயரற்ற ஆயிரம் பேருடைய சாவுகளை எண்ணிக் காட்டினார். அதற்கு ஆறு வருஷம் பிடித்தது.

இடையில் அவர் ஆக்ஸ்போர்டுக்கு மாறினார். அங்கே வைத்திய ஆராய்ச்சிக்கு ஒரு பெரிய ஸ்தாபனம் வேண்டுமென்று வாதாடியவர்களில் அவர் முக்கியமானவர். 1936-இல் நபீல்டு பிரபு அளித்த 20 லட்சம் பவுன் நன்கொடையால் அது கைகூடியது. 1937-இல் கேர்ன்ஸ் அங்கே ரண சிகிச்சைக்கு முதல் நபீல்டு பேராசிரியரானார். அந்த நபீல்டு பிரபு யார்? 1893-இல், பதினாறு வயது நிரம்பாத பையனாக, நான்கு பவுன் முதலுடன் ஆக்ஸ்போர்டில் சைக்கிள் ரிப்பேர்க் கடை வைத்த வில்லியம் மாரிஸே அவர். சைக்கிளிலிருந்து மோட்டார் சைக்கிளுக்கும், அதிலிருந்து மோட்டார் வண்டிக்கும் போய்க் கோடீசுவரரானவர். சக்கரத்தில் சம்பாதித்த பணத்தைக்கொண்டே, சக்கரத்திலிருந்து வீழ்ந்து மண்டையுடைந்தோரை ஆராயும் ஸ்தானம் ஒன்று ஏற்பட்டது.

1939-இல் இரண்டாவது மகாயுத்தம் வந்தது. கேர்ன்ஸ் ஆக்ஸ்போர்டில் ஸெயின்ட் ஹ்யூ பெண்கள் கல்லூரிக் கட்டடத்தில் தலைக்காயங்களுக்கென்றே ஓர் ராணுவ ஆஸ்பத்திரி நடத்தினார். குண்டுபட்டவர்கள் வருவார்கள் என்று எதிர்பார்த்திருக்க, அங்கு வந்து சேர்ந்தவர்களில் ஏராளமானோர் மோட்டார் சைக்கிளில் ராணுவச் செய்திகளைக் கொண்டுசென்ற தூதர்கள். விமானத் தாக்குதலுக்கு அஞ்சி ஊரெல்லாம் விளக்கணைத்திருக்க, இருட்டில் விரைந்து வீழ்ந்தவர்கள் அவர்கள். 1941 அக்டோபரில் பிரிட்டிஷ் வைத்தியப் பத்திரிகையில் கேர்ன்ஸ் ஒரு கட்டுரை வெளியிட்டார். யுத்தத்தின் முதல் 21 மாதங்களில் மோட்டார் சைக்கிளோட்டிகளும் பின்னிருக்கையில் அமர்ந்தோருமாக 2,279 பேர் சாலை விபத்துக்களில் மாண்டனர் என்றும், அம்மரணங்களுக்குத் தலைக்காயமே பிரதான காரணம் என்றும் அதில் எடுத்துக்காட்டினார். கவசம் தரித்திருந்து விபத்துக்குள்ளானவர்களில் அவர் கண்டது ஏழு பேரை மட்டுமே, எழுவரும் பிழைத்தனர்.

ஏழு என்பது சிறிய எண். அதை மட்டும் கொண்டு சட்டம் செய்யச் சொன்னால் நாமே ஆக்ஷேபிப்போம். ஆனால் அவர் அத்துடன் நிற்கவில்லை. உடைந்த கவசங்களையும் உடைந்த மண்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பரிசீலித்தார். ஹோல்பர்ன் என்ற பௌதிக சாஸ்திரியைத் துணை சேர்த்துக்கொண்டார். இருவரும் 1943-இல் கவசம் அணிந்து வீழ்ந்த 106 பேருடைய விவரங்களைப் பிரசுரித்தனர். அதே வருஷம் ஹோல்பர்ன், மூளைக்குப் பதிலாக ஜெலட்டின் கூழை உறையவைத்துத் தாம் செய்த சோதனைகளையும் வெளியிட்டார்.

இந்த ஹோல்பர்னின் முடிவைச் சற்று விளக்குவது அவசியம். ஏனெனில் இன்றைய விவாதத்தின் மர்மம் இதில் அடங்கியிருக்கிறது. உறைந்த தயிர்ச்சட்டியை மெள்ளக் கீழே வைத்தால் தயிருக்கு ஒன்றும் நேராது. சட்டியைச் சடக்கென்று திருகினாலோ, சட்டி திரும்பிவிடும், தயிர் பின்தங்கும், ஆடை கிழிந்து விரிசல் காணும். மூளையும் அத்தகையதே. அழுத்தத்தைத் தாங்கும், திருகலைத் தாங்காது. கவசம் செய்வது யாது? ஓரிடத்தில் விழும் அடியைப் பரந்த இடத்துக்குப் பகிர்ந்தளிக்கிறது. கணத்தில் நின்றுவிடும் தலையை, இன்னும் சிறிது நேரமெடுத்து நிற்கச் செய்கிறது. இதனால் மண்டையோடு உடைவது வெகுவாகக் குறைகிறது. ஆனால் தலை திருகப்படுவதை அது அவ்வளவாகத் தடுப்பதில்லை. கவசத்தின் பெருமையும் சிறுமையும் அன்றே தெரிந்துவிட்டன.

1941 நவம்பரில், ராணுவ மோட்டார் சைக்கிளோட்டிகள் அனைவரும் கடமை நேரத்தில் கவசம் தரிக்க வேண்டுமென்று உத்தரவு பிறந்தது. பந்தயக்காரர்கள் மான் தீவில் 1914 முதலே அதை அணிந்துவந்தனர்; உத்தரவுக்குக் கீழ்ப்படிந்து உயிரைப் பணயம் வைக்கும் சிப்பாய்க்கு அது கிடைக்க 27 வருஷங்கள் ஆயின. 1946-இல் கேர்ன்ஸ் யுத்தகாலக் கணக்கு முழுவதையும் வெளியிட்டபோது, அவ்வுத்தரவுக்குப் பிறகு மரணங்கள் தெளிவாகக் குறைந்திருந்தன. அக்குறைவு முழுவதையும் கவசத்தின் வரவில் எழுதிவிட நாம் தயாரில்லை. 1942 ஜூலையில் பொதுஜனங்களின் சொந்த உபயோகத்துக்கான பெட்ரோல் ரேஷனே நின்றுபோனதால் சாலைகளில் வண்டி குறைந்ததையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஆயினும் இறந்தவர், பிழைத்தவர், உடைந்த கவசம், கூழ்ச் சோதனை என்னும் நான்கு சாட்சிகளும் ஒரே திசையைக் காட்டும்போது சந்தேகத்துக்கு இடம் சுருங்கிவிடுகிறது.

அவருடைய மற்ற ஊழியங்களைச் சுருக்கமாகவே சொல்கிறோம். ஸெயின்ட் ஹ்யூ ஆஸ்பத்திரியில் யுத்தம் முடிவதற்குள் 13,000 பேருக்கு மேல் சிகிச்சை பெற்றனர். மூளைச் சிகிச்சைக் குழுக்களை வண்டியிலேற்றிப் போர்முனைக்கருகில் அனுப்பும் ஏற்பாடு அவருடையது. 1943-இல் தம் அடிலெய்டு நண்பர் ப்ளோரியுடன் வட ஆப்பிரிக்கா சென்று, யுத்தக் காயங்களில் பெனிசிலினைப் பரீட்சித்தார். 1945 டிசம்பரில் மோட்டார் விபத்தில் கழுத்தெலும்பு முறிந்த அமெரிக்க ஸேனாபதி பாட்டனுக்காக ஜெர்மனிக்கு வரவழைக்கப்பட்டார். ஆனால் ஸேனாபதி பிழைக்கவில்லை. 1946-இல் ஸர் பட்டம் வந்தது. 1952 ஜூலை 18-ந் தேதி, 56-ஆவது வயதில், ஆக்ஸ்போர்டில் புற்றுநோயால் காலமானார்.

அவர் காலஞ்சென்று 21 வருஷம் கழித்து, 1973 ஜூன் மாதத்தில்தான் பிரிட்டனில் மோட்டார் சைக்கிளோட்டிகள் எல்லோருக்கும் கவசம் கட்டாயமாயிற்று. முதற் கட்டுரைக்கும் சட்டத்துக்கும் இடையே 32 வருஷம்! தனி மனித சுதந்திரம் என்ற வாதம் அத்தனை காலம் வழிமறித்து நின்றது. பிற நாட்டாரை ஆள்வதில் சுதந்திரத்தைப்பற்றிக் கவலைப்படாத பார்லிமெண்டு, மண்டை உடைத்துக்கொள்ளும் சுதந்திரத்துக்கு இவ்வளவு மரியாதை செய்தது வேடிக்கையே. அச்சட்டத்தை எதிர்த்துச் சீக்கியர் கிளர்ச்சி செய்து, 1976-இல் தலைப்பாகைக்கு விலக்குப் பெற்றனர். நமது 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆவது பிரிவிலும் கவசத்துக்கான கட்டாயமும் அவ்விலக்கும் சேர்ந்தே இடம்பெற்றன.

இனி மிதிசைக்கிளின் விஷயம். கேர்ன்ஸ் பிறந்த ஆஸ்திரேலியாவிலேதான், விக்டோரியா ராஜ்யத்தில், 1990 ஜூலை முதல் தேதியிலிருந்து சைக்கிளில் செல்வோருக்கும் கவசம் கட்டாயமாக்கப்பட்டது. உலகில் இத்தகைய சட்டம் அதுவே முதலாவது. தலைக்காயங்கள் குறைந்தன. கூடவே சைக்கிளில் செல்லும் பையன்களும் பெண்களும் குறைந்தனர். காயம் குறைந்தது கவசத்தாலா, சைக்கிளே குறைந்ததாலா என்ற சச்சரவு இன்றும் ஓயவில்லை. ஆனால் சட்டம் நல்லதா என்பது வேறு கேள்வி; வீழ்ந்தவனுக்குக் கவசம் உதவுமா என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்கு விடை கிடைத்துவிட்டது. காயமுற்ற 64,000-த்துக்கு மேற்பட்ட சைக்கிளோட்டிகளைப்பற்றிய 40 ஆராய்ச்சிகளை 2016-இல் ஆஸ்திரேலிய அறிஞர் இருவர் ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தனர். கவசம் அணிந்தோருக்குத் தலைக்காயம் நேரும் சாத்தியம் ஏறக்குறையப் பாதியாகவும், கடுமையான தலைக்காயம் நேரும் சாத்தியம் மூன்றிலொரு பங்கு அளவாகவும் இருக்கக் கண்டனர்.

ஆயினும் அதன் எல்லையையும் நாம் மறைக்கவில்லை. சைக்கிள் கவசத்தினுள் இருப்பது தெர்மோகோல் போன்ற நுரைப்பொருள். தான் நசுங்கித் தலையைக் காக்கிறது. ஒரு முறை நசுங்கினால் பிறகு உதவாது. ஐரோப்பிய விதிப்படி அது பரீட்சிக்கப்படுவது சுமார் ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழும் வேகத்தில். அதாவது மணிக்கு 20 கிலோமீட்டர் அளவில். தானே சறுக்கி விழுபவனுக்கு அது போதும். பின்னாலிருந்து வரும் லாரிக்கு அது ஈடாகாது. ஹாலந்து தேசத்தில் கவசமணிந்த சைக்கிளோட்டிகளைக் காண்பது அரிது. எனினும் சைக்கிளில் செல்வதற்கு மிகப் பத்திரமான நாடுகளில் அது ஒன்று. சைக்கிளுக்கென்று தனிப்பாதை அமைத்து, மோட்டார் வண்டியை அதிலிருந்து விலக்கி வைத்திருப்பதே காரணம்.

கவசம் வேண்டாம் என்பவர்கள் ஹாலந்தைக் காட்டுகிறார்கள். பாதையை மட்டும் காட்டுவதில்லை. கவசம் வேண்டும் என்ற ஸர்க்கார்களோ, கவசத்தைக் காட்டிப் பாதை போடும் செலவைத் தட்டிக் கழிக்கின்றன. நமது மாகாணத்தில் 2001-க்குப் பின் லட்சக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளுக்கு ஸர்க்கார் செலவில் சைக்கிள் வழங்கப்பட்டு வந்திருக்கிறது. 129-ஆவது பிரிவோ மோட்டார் சைக்கிளைப்பற்றி மட்டுமே பேசுகிறது. சைக்கிளைக் கொடுத்த கை, அதனுடன் ஒரு கவசத்தையும், பள்ளிக்கூடத்து வாசல் வரையில் லாரி நுழையாத ஓர் ஓரப்பாதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டுமென்று கேட்கிறோம். எந்தப் பள்ளி வழியில் எத்தனை பிள்ளைகள் எப்படி வீழ்ந்தார்கள், யார் பிழைத்தார்கள் என்று ஜில்லா ஆஸ்பத்திரிகளில் எழுதிவைக்கும் வேலையை நாளைக்கே தொடங்கலாம். அதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு குமாஸ்தாவும் போதும்.